சுத்தியலில் இருந்து தெறித்த துணுக்கு

அடையாறில் அந்த ஸ்கேன் சென்டரின் உள்ளறைக்கு வெளியே ஒரு நீல பிளாஸ்டிக் கூடை இருந்தது. உடம்பில் உலோகம் என்று எது இருந்தாலும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்களுக்கு முன்னால் போனவர்கள் மோதிரம், கைக்கடிகாரம், சாவிக் கொத்து என்று போட்டுவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் பேன்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டார்.

முதலில் ஒரு குட்டி அளவு டேப் வந்தது. அப்புறம் ஆறு பட்டைக் குழி போல்ட்டைத் திருகும் ஆலன் கீ. அப்புறம் ஒரு சென்டர் பஞ்ச், அதாவது இரும்பில் துளை போடுவதற்கு முன்னால் புள்ளி குத்த உதவும் கூர்முனைக் குச்சி. சட்டைப் பையில் இருந்து கடைசியாக வந்தது ஒரு காந்தத் துண்டு. பித்தளை என்று சொல்லிப் பித்தளை முலாம் பூசிய இரும்பை யாராவது தலையில் கட்டிவிடக் கூடாது என்று எப்போதும் வைத்திருப்பார்.

டெக்னீஷியன் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னா சார், காந்தத்த எடுத்துக்கினு காந்தத்துக்குள்ளயே போகப் பாத்தீங்களே!"

ஏகாம்பரமும் சிரித்தார். அந்தச் சில வாரங்களில் அவர் சிரித்தே நான் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். இதயத்தில் கருவி ஏதாவது வைத்திருக்கிறார்களா, எலும்பில் தகடு உண்டா, காதுக்குள் ஏதாவது உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினார்.

"பட்டறை வேல எதுனா செஞ்சிருக்கீங்களா சார்? கண்ணுல எப்பனாச்சும் இரும்புத் தூளு, சிலும்பு, அந்த மாதிரி பட்டிருக்கா?"

"பட்டறைல கொஞ்ச நாள் இருந்தேன். கண்ணுல ஒண்ணும் படல."

"பட்டுச்சும்மா" என்றேன் நான்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் வெளியாள் முன்னால் அவர் சொன்னதை நான் மறுத்துப் பேசியதில்லை. கடையில் அவர் தப்பாக ஏதாவது சொன்னால்கூட வாடிக்கையாளர் போன பிறகுதான் சொல்வேன்.

"சும்மா இரு பத்மா. அதெல்லாம் அப்பவே வெளில வந்துட்ச்சு."

"வந்துச்சுன்னு யாரு பாத்தது?"

டெக்னீஷியன் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளறைக் கதவின் பிடியில் இருந்து கையை எடுத்துவிட்டாள்.

உப்புக் காற்றில் ஒரு கடை

மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் பக்கம் போகும் ஒரு சந்தில் எங்கள் கடை. கைக்கருவிகள் மட்டும்தான் விற்கிறோம். பெயின்ட் கேட்டால் எதிர்க் கடை, குழாய் கேட்டால் முனைக் கடை. நான் எழுதும் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, பெங்களூரில் இருக்கும் என் மகள் போனில் கேட்கிறாள், "வாராவாரம் இரும்பப் பத்தியே எழுதினா யாரும்மா படிப்பாங்க?" என்று. இந்த வாரமும் இரும்புதான். ஆனால் அவளுடைய அப்பாவும் இதில் இருக்கிறார். இதில் பாதி அவளுக்கே புதிதாக இருக்கும்.

கல்யாணமாகி வந்தபோது எனக்கு ஸ்பேனர் எது, குறடு எது என்று தெரியாது. எனக்குக் கருவிகளை அறிமுகம் செய்துவைத்தது துரு. கடல் அவ்வளவு பக்கம். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கவனிக்காமல் விட்டால் மறுநாள் காலையில் அரங்கள் எல்லாம் செம்மண்ணில் புரண்டு எழுந்த மாதிரி இருக்கும். எண்ணெய்த் துணியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைப்பது என் வேலை. துடைக்கத் துடைக்க, எது எப்படித் துருப்பிடிக்கிறது என்பது கைக்குப் பழகிவிட்டது.

ஸ்பேனரில் சாதாரணமாகத் துரு வராது. குரோமியமும் வனேடியமும் கலந்த எஃகில் அடித்து, மேலே பளபளவென்று முலாம் பூசியிருப்பார்கள். முலாமில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் அங்கே இருந்து தோல் உரிகிற மாதிரி உரியும். பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் வைஸ் வார்ப்பு இரும்பு. பழுப்பு நிறத்தில் பொடிப் பொடியாகத் துரு உதிரும். எவ்வளவு இறுக்கினாலும் தாங்கும், ஆனால் சுத்தியால் ஓங்கி அடித்தால் மண்பானை மாதிரி விரிசல் விட்டுவிடும். பித்தளைச் சுத்தி பச்சை பூக்கும். படகு இன்ஜின் வேலை செய்கிற குப்பத்து ஆட்கள் அதைத்தான் தேடி வருவார்கள். இன்ஜின் பாகத்தில் தட்டினால் அடையாளம் விழாது.

ஸ்குரூ டிரைவரின் மஞ்சள் கைப்பிடிக்குத் துரு கிடையாது, ஆனால் வேறு ஒரு குணம் உண்டு. கண்ணாடி மாதிரி இருக்குமே, அந்த வகை. பஞ்சு, மரக்கூழ் போன்ற நாரில் இருந்து செய்கிற ஒருவகை பிளாஸ்டிக் என்று சொல்வார்கள். விற்காமல் வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தால், திறந்ததும் வினிகர் வாசனை குப்பென்று வரும். முதல் தடவை அந்த வாசனையைப் பிடித்தபோது யாரோ ஊறுகாயைப் பெட்டிக்குள் வைத்து மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருப்பது வேறு விஷயம். ஒரே துண்டு எஃகுக்குள் இரண்டு குணம் இருக்கும். அரத்தின் பல் அவ்வளவு கெட்டி. சிமென்ட் தரையில் விழுந்தால் வளையாது, இரண்டாக ஒடியும். அதே அரத்தின் வால், கைப்பிடிக்குள் போகிற பகுதி, கொஞ்சம் மிருதுவாக இருக்கும். உளியின் வெட்டுகிற முனை கெட்டி, அடி வாங்குகிற தலை மிருது. நெருப்பில் காய்ச்சுவதையும் எண்ணெயில் தோய்ப்பதையும் எந்த இடத்தில் எவ்வளவு செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடி வாங்குகிற இடம் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தெறிக்கும்.

சுத்தியும் அப்படித்தான். அடிக்கிற முகம் நல்ல கெட்டி. கைப்பிடி நுழைகிற நடுப்பகுதியை அந்த அளவுக்குக் கெட்டியாக்க மாட்டார்கள். ஆணியை அடி, உளியை அடி, ஒன்றும் ஆகாது. அவை சுத்தியைவிட மிருது. ஆனால் ஒரு சுத்தியின் முகத்தில் இன்னொரு சுத்தியால் அடித்தால், இரண்டுமே கெட்டி, இரண்டும் விட்டுக்கொடுக்காது. ஏதாவது ஒன்றின் ஓரத்தில் இருந்து ஒரு சில்லு பறக்கும். கண்ணால் பார்க்க முடியாத வேகத்தில் பறக்கும்.

சுத்தி வாங்குகிற எல்லோரிடமும் ஏகாம்பரம் இதை மட்டும் சொல்லாமல் விடமாட்டார். "சுத்திய சுத்தியால அடிக்காதீங்க." ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ரப்பர் சுத்தி கேட்டவர்

ஸ்கேனுக்குச் சில மாதம் முன்பு, மழை ஆரம்பிப்பதற்கு முன்னால், கடையின் ஷட்டரைத் தூக்கும்போது அதன் விளிம்பு அவருடைய தலையில் இடித்தது. ரத்தம் வரவில்லை. "ஒண்ணும் இல்ல" என்று தேய்த்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் அதோடு மறந்துவிட்டேன். அவர் இதயத்துக்காக, ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரைக்கும் அந்த இடிக்கும் சம்பந்தம் வரும் என்று யாருக்குத் தெரியும்?

மழை முடிந்து வெயில் வந்த பிறகு ஒருநாள் எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். குளத்துக்குப் பக்கத்தில் வீடு. பாங்க் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லா வேலையையும் தானே செய்வேன் என்று கிளம்பி, பாதியில் எங்களைத் தேடி வருவார். நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏகாம்பரம், ஆத்துல ரெண்டு டைல்ஸ் எழும்பிண்டு நிக்கறது. தட்டி ஒக்கார வெக்கணும். ரப்பர் சுத்தி ஒண்ணு குடுப்பா."

ஏகாம்பரம் மாடத்தில் இருந்து ஒரு சுத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தார். உருண்டைத் தலை எஃகுச் சுத்தி.

மாமா சிரித்தார். "என்னப்பா, இதால தட்டினா டைல்ஸ் மாவா போயிடுமே."

"இதான மாமா கேட்டீங்க?"

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் ரப்பர் சுத்தியை எடுத்துக் கொடுத்தேன். ஏகாம்பரம் மேஜைமேல் இருந்த சுத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு கருவியைக் கையில் கொடுத்தால் எது, எதில் செய்தது என்று சொல்லிவிடுகிற மனிதர்.

வெளியே போகும்போது மாமா என்னைக் கூப்பிட்டார். "நான் சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காதேம்மா. ஒரு டாக்டர்கிட்ட காட்டிடு. இவன் இப்படி ஆள் இல்லையே."

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். இடது கையில் இருந்து பொருள் நழுவியது. வைஸின் தாடைத் தகடு ஒன்று கால் பக்கத்தில் விழுந்தது. "எண்ணெ, வழுக்கிட்ச்சு" என்றார். எடுத்துப் பார்த்தேன். அதில் எண்ணெயே இல்லை. காலையில் தலைவலி என்று படுத்துக்கொண்டார். சட்டைப் பொத்தானை இடது கையால் பிடித்துக்கொண்டு போட வரவில்லை. நான் போட்டுவிட்டேன்.

அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். கையை நீட்டச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார். இடது கை மெல்லக் கீழே இறங்கியது. ஏகாம்பரத்துக்கு அது தெரியவில்லை. இரண்டு கையும் நேராக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர்.

மச்சம் என்று நினைத்தது

கல்யாணமான புதிதில் ஒருநாள் மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வலது கண்ணின் வெளி ஓரத்தில், இமைக்கு மேலே, கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. மச்சம் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். முழித்துக்கொண்டார்.

"மச்சம் இல்ல அது. சுத்தி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்போது சொன்னார். கிண்டியில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தபோது நடந்தது. மெஷினுக்கு அடியில் ஒரு சுத்தி சிக்கிக்கொண்டது. அதை வெளியே தள்ள, கையில் கிடைத்த இன்னொரு சுத்தியால் அதன் முகத்தில் ஓங்கி அடித்தார். டிங் என்று ஒரு சத்தம். கண்ணோரத்தில் எறும்பு கடித்த மாதிரி இருந்ததாம். ஒரு சொட்டு ரத்தம். தண்ணீரில் கழுவினார். கண் அன்று முழுக்கச் சிவந்து நீர் வடிந்தது. மறுநாள் சரியாகிவிட்டது. பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை. கிண்டல் செய்வார்கள் என்று விட்டுவிட்டார்.

"உள்ள போயிருந்தா?" என்று நான் கேட்டேன்.

"போயிருந்தா கண்ணு தெரியுமா? அதெல்லாம் தெறிச்சு வெளில போயிட்ச்சு."

அவர் சொன்னதை நம்பினேன். கண் நன்றாகத்தான் தெரிந்தது. ஊசியில் நூல் கோர்க்க என்னையே கூப்பிடமாட்டார். அந்தப் புள்ளியும் நாளாவட்டத்தில் சுருக்கத்துக்குள் மறைந்துபோனது. இத்தனை வருடமாக நான் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. அந்தப் பெண் கேட்ட கேள்வி என் காதில் விழுந்த நொடியில் அந்த மத்தியானம் அப்படியே திரும்பி வந்தது.

வெள்ளைப் புள்ளி

டெக்னீஷியன் பெண் எங்களை உட்காரவைத்துவிட்டுச் சொன்னாள். "உள்ள கீற மெஷினு மொத்தமே ஒரு பெரிய காந்தம் சார். எப்பவுமே ஆன்லதான் இருக்கும், ஆஃப் பண்றதே இல்ல. கண்ணாண்ட சின்னதா இரும்பு இருந்தாலும் அத இழுக்கும். அது நகந்தா கண்ணு போயிடும் சார். நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். மொதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துக்கலாம்."

"எம்மா, எத்தினி வருசம் ஆயிட்ச்சு தெரியுமா?" என்றார் ஏகாம்பரம். "இருந்தாலும் துருப்பிடிச்சுக் கரைஞ்சு போயிருக்கும்."

"கரைஞ்சிருந்தா எக்ஸ்ரேல தெரியாது. பத்து நிமிசம் சார்."

அவர் என்மேல் கோபமாக இருந்தார். கோபம் வந்தால் அவர் தன் நகத்தைப் பார்ப்பார். எனக்குள் இரண்டு பயம். அது அங்கே இருந்துவிடுமோ என்று ஒன்று. இல்லாமல் போய், ஒன்றுமில்லாததற்கு நாலு பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேனோ என்று ஒன்று.

எக்ஸ்ரே எடுத்து வந்ததும் அந்தப் பெண் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். மண்டையோட்டில் கண் இருக்கிற இருட்டுக் குழியின் ஓரத்தில், சாம்பல் நிறத்துக்கு நடுவில், பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. உடைந்த குருணை அரிசி அளவு. எலும்புகூட அவ்வளவு வெள்ளையாக இல்லை.

ஏகாம்பரம் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"இத்தினி வருசமா உள்ளயேவா கீது?"

"கீதே சார்."

"ஒரு வலியும் இல்லியேம்மா."

அவர் வலது கண்ணை மூடித் திறந்தார். மறுபடியும் மூடித் திறந்தார். பிறகு அந்தப் புள்ளியைத் திரைமேல் விரலால் தொட்டார். கடையில் புதிதாக வந்த கருவியைத் தொட்டுப் பார்ப்பாரே, அந்த மாதிரி. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்தக் கதவுப் பிடியில் இருந்த அந்தப் பெண்ணின் கை என் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

அவள் உடனே நரம்பு டாக்டருக்குப் போன் செய்தாள். எம்.ஆர்.ஐ. வேண்டாம், சி.டி. ஸ்கேன் எடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதில் காந்தம் இல்லை. ஏகாம்பரம் போய்ப் படுத்தார், சீக்கிரமே எழுந்து வந்தார்.

சி.டி.யில் இரண்டு விஷயம் தெரிந்தது. சுத்தித் துணுக்கு கண்ணின் உருண்டைக்குள் இல்லை. வெளிச் சுவரை ஒட்டி, கொழுப்புக்குள் புதைந்து உட்கார்ந்திருந்தது. அதனால்தான் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில், வலது பக்கம், பழைய ரத்தம் தேங்கி நின்றது. ஷட்டர் இடித்ததில் கசிந்தது, அந்த மாத்திரையால் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது. அது மூளையை அழுத்தியதில்தான் இடது கை தளர்ந்தது. ரப்பருக்கு எஃகு வந்ததும் அதனால்தான்.

கையால் சுற்றும் டிரில்

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். அறுவை சிகிச்சை செய்யப்போகிற டாக்டர் மறுநாள் காலையில் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கலாம். நிதானமான குரல்.

"பயப்படாதீங்க சார். மண்டையில ரெண்டு சின்ன ஓட்டை போட்டு, தேங்கின ரத்தத்த வெளிய எடுத்துடுவோம். நிறைய பேருக்குச் செய்யறதுதான்."

'ஓட்டை' என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஏகாம்பரம் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துல சார் ஓட்டை போடுவீங்க?"

"டிரில்தான். கரன்ட்ல ஓடறதும் இருக்கு. ஆனா நான் இதுக்கெல்லாம் கையால சுத்தறதத்தான் எடுப்பேன். தச்சு வேலை செய்யறவங்க வெச்சிருப்பாங்களே, நடுவுல வளைஞ்சு, பிடிச்சுச் சுத்தறது."

"பிரேஸு!" ஏகாம்பரம் எழுந்து உட்காரப் பார்த்தார். "எங்க கடைல இருந்துது சார். இப்ப யாரும் வாங்கறதில்ல. உங்கள்து எதுல செஞ்சது? ஸ்டெயின்லெஸ்ஸா?"

"ஆமா."

"பாத்திரம் செய்ற ஸ்டெயின்லெஸ்ஸா, கத்தி செய்றதா?"

டாக்டர் சிரித்தார். "கத்தி செய்யறதுதான். காந்தம் ஒட்டும். கொதிக்கிற ஆவியில எத்தனை தடவை வெச்சு எடுத்தாலும் துருப்பிடிக்கக் கூடாது, கூரும் போகக் கூடாது. ரெண்டும் வேணும்னா அதுதான்."

"முனை மழுங்கினா?"

"மாத்திடுவோம்."

"சாணை புடிக்க மாட்டீங்களா?"

"உங்களுக்குப் புதுசு போட்டுடறேன், போதுமா?"

ஏகாம்பரம் தலையணையில் சாய்ந்துகொண்டார். முகத்தில் இருந்த இறுக்கம் போயிருந்தது. அந்த டாக்டருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வது, அந்த இரண்டு நிமிடம் நின்று பதில் சொன்னதற்காகவும்தான். 'அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு' என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போகும்போது, கண்ணோரத்துத் துணுக்கை என்ன செய்வது என்று நான் கேட்டேன். "இத்தனை வருஷம் தொந்தரவு பண்ணல. அத எடுக்கப் போனாத்தான் தொந்தரவு. இருந்துட்டுப் போகட்டும். ஆனா வாழ்நாள் பூரா எந்த ஸ்கேனுக்குப் போனாலும் மொதல்ல இதைச் சொல்லிடுங்க" என்றார்.

உள்ளே அழைத்துப் போனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது, அதைப் பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பெங்களூரில் இருந்து பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னாள். மாமா ஒரு ஃபிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். பேசாமல் இருக்கத் தெரிந்தவர்கள் ஆஸ்பத்திரியில் கிடைப்பது கஷ்டம்.

வெளியே கொண்டுவந்தபோது அவர் தலையைச் சுற்றிக் கட்டு. முகம் வெளுத்திருந்தது. சாயங்காலம் நர்ஸ் வந்து தன் இரண்டு விரலை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்பா, என் விரல இறுக்கிப் புடிங்க பாப்போம்."

அவர் விரல்கள் மெல்ல மூடின. நர்ஸ் இன்னும் என்றாள். இன்னும் என்றாள். பிறகு "ஆ, போதும்பா!" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

ஏகாம்பரம் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். நான் என் கையைக் கொடுத்தேன். பிடித்தார். என் வளையல் எலும்பில் அழுந்தும் வரைக்கும் பிடித்தார்.

"வலிக்குதா?"

"வலிக்குது. விடாதீங்க" என்றேன்.

எந்தப் பக்கம்

தையல் பிரித்த அன்று ஆட்டோவில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். அடையாறு பாலத்தின்மேல் காற்று நன்றாக அடித்தது. அவர் தலையில் போட்டிருந்த தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டார். இடது கையால்தான் பிடித்திருந்தார். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இத்தனை நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததை அப்போது கேட்டேன்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு கேட்டப்போ ஏங்க இல்லன்னு சொன்னீங்க? உங்களுக்கு ஞாபகம் இருந்துது, எனக்குத் தெரியும்."

ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஞாபகம் இருந்துச்சு. சொன்னா இன்னிக்கு வேணாம், போய்ட்டு வான்னு அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன். அனுப்பினா மறுபடி வந்திருக்க மாட்டேன் பத்மா. அவ்ளோ தைரியம் எனக்கு இல்ல."

"எதுக்கு அவ்ளோ பயம்? கை நழுவினதுக்கா?"

"கைக்கு இல்ல."

சிக்னலில் ஆட்டோ நின்றது. பக்கத்தில் பஸ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஸ்குரூவ எந்தப் பக்கம் சுத்தினா இறுகும்னு மறந்து போயிட்ச்சு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. நெறைய நாள். காலைல நீ சாமி படத்துக்குப் பூ வெக்கறப்போ, பின்னால போயி ஒரு போல்ட்ட எடுத்து வெச்சுக்கினு இப்பிடிச் சுத்திப் பாப்பேன், அப்பிடிச் சுத்திப் பாப்பேன். கடைல எவனாச்சும் கேட்டா இன்னா சொல்றது? எவங்கிட்ட போயி நான் இதக் கேக்கறது? மூளையே போகுதுன்னு நெனச்சேன். உங்கிட்ட சொல்ல வாய் வரல."

தினமும் ஒரே கடையில், கை எட்டுகிற தூரத்தில் நின்றிருக்கிறோம். நான் பூ வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், என் முதுகுக்குப் பின்னால், இந்த மனிதர் ஒரு போல்ட்டை வைத்துக்கொண்டு தனியாகத் தவித்திருக்கிறார். ஆட்டோவின் ரெக்சின் கிழிசலை விரலால் நோண்டிக்கொண்டிருந்தேன்.

பச்சை விளக்கு விழுந்து ஆட்டோ கிளம்பிய பிறகு கேட்டேன்.

"இப்ப தெரியுதா?"

அவர் தொப்பியில் இருந்து கையை எடுத்தார். காற்றில் ஒரு ஸ்குரூ டிரைவரைப் பிடிக்கிற மாதிரி விரல்களை மடக்கினார். கண்ணை மூடினார். மணிக்கட்டு மெல்லத் திரும்பியது.

"ரைட்டு" என்றார், சத்தமாக.

ஆட்டோ சட்டென்று வலது பக்கம் வளைந்தது. பின்னால் வந்த பைக்காரர் கத்தினார். நான் அவர் மேலேயே சாய்ந்துவிட்டேன்.

"எங்கப்பா திருப்பற?" என்றேன் பதறிப்போய்.

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "சார்தான ரைட்டுன்னாரு?"

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியது. தையல் பிரித்த இடம் வலிக்க, தலையைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

"சார் சரியாத்தாம்பா சொன்னாரு" என்றேன். "நீ நேரா போ."